புற்றுநோய் வார்டில் நெருக்கடி நேர ஆலோசகர்: பக்கத்தில் உட்காருவது முதல் பொறுப்பை ஒப்படைப்பது வரை

எம்.ஆர்.ஐ. அறை வாசலில் ஒரு அம்மா அழுதுகொண்டு உட்கார்ந்திருந்தார். மார்பில் கட்டி இருப்பது 3 வாரத்துக்கு முன்பே தெரியும். பயாப்சி எடுத்தபோது அழவில்லை. ரிப்போர்ட் வந்தபோதும் அழவில்லை. ‘உள்ளே உலோகம் எதுவும் கூடாது, தாலியைக் கழற்றிக் கொடுங்க’ என்று சொன்ன நொடியில் உடைந்துவிட்டார். ஸ்கேனே வேண்டாம், ஊருக்குப் போகிறேன் என்கிறார். கணவர் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறார். டெக்னீஷியன் அடுத்த டோக்கனைக் கூப்பிடலாமா என்று பார்க்கிறார். சிஸ்டர் எனக்கு போன் செய்தார்: ‘இங்க ஒரு பேஷன்ட் அடம் பிடிக்கிறாங்க, கொஞ்சம் வாங்க.’

நான் செய்தது பெரிய வித்தை ஒன்றுமில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, ‘கழற்றினா என்ன ஆயிடும்னு தோணுதும்மா?’ என்று கேட்டேன். ‘இவருக்கு ஏதாவது ஆயிடும்’ என்றார். தன் உயிரைப் பற்றிய பயமே இல்லை அது. வாசல் கடையிலிருந்து ஒரு மஞ்சள் கயிறும் மஞ்சள் கிழங்கும் வாங்கி வரச் சொன்னோம். கணவரே கட்டிவிட்டார். பிறகு தங்கத் தாலியைக் கழற்றி அவர் கையிலேயே கொடுத்துவிட்டு அந்த அம்மா உள்ளே போனார்.

‘அழாதீங்க, ஸ்கேன்தானே’ என்று ஏற்கெனவே நாலு பேர் அவரிடம் சொல்லியிருந்தார்கள். என்ன பயம் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. இந்த வழிகாட்டி முழுவதும் அந்தக் கேள்வியைச் சுற்றித்தான். புற்றுநோய் மருத்துவமனைகளில் ஆலோசகராகச் சேரப்போகிறவர்கள், சமூகப் பணியாளர்கள், நர்ஸ்கள், தன்னார்வலர்கள் ஆகியோரை மனதில் வைத்து எழுதுகிறேன். வீட்டில் நோயாளி இருப்பவர்களும் படிக்கலாம். இதில் வரும் மனிதர்களின் அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்.

முதலில், இது யாருடைய வேலை?

மாதக்கணக்கில் வாரம் ஒருமுறை உட்கார்ந்து பேசும் உளவியல் சிகிச்சை வேறு, இது வேறு. 1942-ல் பாஸ்டனில் கோகனட் குரோவ் என்ற இரவு விடுதியில் தீப்பிடித்து 492 பேர் இறந்தார்கள். உயிர் தப்பியவர்களையும் உறவினர்களையும் கவனித்த மனநல மருத்துவர் எரிக் லிண்டமன், அவர் வழியில் வந்த ஜெரால்டு காப்லன் இருவரும்தான் நெருக்கடி நேர உதவி என்ற துறைக்கு அடித்தளம் போட்டவர்கள். காப்லன் சொன்னதன் சாரம் இது: மனிதன் வழக்கமாகச் சமாளிக்கும் வழிகள் எல்லாம் ஒரு கட்டத்தில் கைவிடும், அந்தத் தடுமாற்றம் பெரும்பாலும் 4 முதல் 6 வாரத்துக்குள் ஏதோ ஒரு பக்கம் தீரும். அது நல்ல பக்கமாகத் தீருவதற்கு அப்போது கிடைக்கும் சின்ன உதவிகூடப் பெரிதாக வேலை செய்யும்.

புற்றுநோயில் இப்படி ஒரு தடவை நடந்து முடிந்துவிடுவதில்லை. ரிப்போர்ட் வரும் நாள், முதல் கீமோ, முடி கொட்டும் வாரம், ஆபரேஷனுக்கு முந்தைய இரவு, சிகிச்சை முடிந்து ‘இனி 3 மாதம் கழித்து வாங்க’ என்று அனுப்பும் நாள், நோய் திரும்பி வந்துவிட்டது என்று தெரியும் நாள் என ஒவ்வொன்றும் தனித்தனி நெருக்கடி. சிகிச்சை முடியும் நாளைப் பலர் மறந்துவிடுவார்கள். அதுவரை தினமும் ஆஸ்பத்திரி வந்துகொண்டிருந்தவர், வீட்டில் சும்மா உட்கார்ந்ததும்தான் முதல்முறையாக நடுங்குவார்.

நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனையில் 1977-ல் ஜிம்மி ஹாலண்ட் என்ற மனநல மருத்துவர் புற்றுநோயாளிகளுக்கென்றே முழுநேர மனநலப் பிரிவைத் தொடங்கினார். இன்று உளப்புற்றுநோயியல் என்று ஒரு துறையே இருப்பதற்கு அது முக்கியக் காரணம். நம் ஊரில், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-ல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் இதற்கெனத் தனிப் பிரிவே இருக்கிறது. ஆனால் பல இடங்களில் இந்த வேலையைச் சமூகப் பணியாளரோ மூத்த நர்ஸோதான் சேர்த்துப் பார்க்கிறார்கள்.

படி 1: போவதற்கு முன் ஃபைலைப் பாருங்கள்

கூப்பிட்டவுடன் ஓடாதீர்கள். 2 நிமிடம் ஃபைலைப் புரட்டுங்கள். என்ன நோய், எந்தக் கட்டம், கடைசியாக டாக்டர் என்ன சொன்னார், நோயாளிக்கு எவ்வளவு தெரியும். கடைசிக் கேள்விக்கு ஃபைலில் பதில் இருக்காது. சிஸ்டரிடம் கேளுங்கள்.

அப்புறம், மனப்பிரச்சினை போலத் தெரிவது உடல்பிரச்சினையாக இருக்கலாம். புதிதாக வருபவர்கள் அதிகம் தவறுவது இந்த இடத்தில்தான். நேற்றுவரை தெளிவாகப் பேசியவர் இன்று பகல் இரவு தெரியாமல், செத்துப்போன அண்ணன் வாசலில் நிற்பதாகச் சொன்னால் அதை மனச்சோர்வு என்று எழுதிவிட்டு ஆலோசனை சொல்லத் தொடங்காதீர்கள். தொற்று, ரத்தத்தில் கால்சியம் ஏறுவது, சோடியம் இறங்குவது, மூளைக்கு நோய் பரவுவது, சில மருந்துகள் என எதனாலும் இந்தக் குழப்பம் வரலாம். உடனே டாக்டரைக் கூப்பிட வேண்டும். கீமோவோடு கொடுக்கும் டெக்ஸாமெத்தசோன் மாதிரி ஸ்டீராய்டு, இரண்டு மூன்று நாள் தூக்கத்தைக் கெடுத்து, ஆளைப் படபடப்பாக்கும். ‘எனக்குப் பைத்தியம் பிடிச்சிருச்சு’ என்று வந்தவருக்கு, ‘இது அந்த மருந்தோட வேலையா இருக்கலாம், டாக்டர்கிட்ட சொல்லுவோம்’ என்ற ஒரு வரியே பாதி மருந்து.

இன்னும் இரண்டை மனப்பாடம் செய்யுங்கள். கீமோ ஓடும் காலத்தில் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டோ அதற்கு மேலோ காய்ச்சல் வந்தால் அவசரம். காலில் திடீர் பலவீனம், சிறுநீர் வராமல் போவது இவையும் அவசரம். முதுகுத்தண்டு நசுங்குவதன் அறிகுறியாக இருக்கலாம். போனில் அழுகிறவர் நடுவில் இதைச் சொன்னால் ஆறுதலை நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள்.

படி 2: முதல் பத்து நிமிடம்

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருங்கள். நின்றுகொண்டு பேசினால், ரவுண்ட்ஸ் வந்த ஆளாகத்தான் தெரிவீர்கள். உங்கள் பெயர், என்ன வேலை, எவ்வளவு நேரம் இருப்பீர்கள் என்று சொல்லுங்கள். ‘கவுன்சலர்’ என்றதும் ‘எனக்கு மெண்டலா?’ என்று கேட்பவர்கள் உண்டு. நான் இப்படிச் சொல்வேன்: ‘டாக்டர் உடம்பைப் பார்க்கிறார். இந்த நோயோட வர்ற கவலை, பணம், வீடு இதையெல்லாம் பேச என்னைப் போட்டிருக்காங்க.’

திரையை இழுத்துவிடுங்கள். பக்கத்துப் படுக்கைக்காரரின் அட்டெண்டர் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தால் யாரும் மனம் விட்டுப் பேச மாட்டார்கள். தண்ணீர் கொடுங்கள். விழுங்க முடியாதவர், ஆபரேஷனுக்காக வெறும் வயிற்றில் இருப்பவர் என்றால் முதலில் சிஸ்டரிடம் கேட்டுவிட்டு.

மூச்சு வாங்கிப் பதறுகிறவருக்கு, அது உடல்நோயால் வரும் மூச்சுத்திணறல் இல்லை என்று சிஸ்டர் உறுதிசெய்த பிறகு, மூச்சை மெதுவாக வெளியே விடச் சொல்லுங்கள். உள்ளே இழுப்பதைவிட விடுவது நீளமாக இருக்கட்டும். இரண்டு பாதமும் தரையில் படட்டும். தரை ஜில்லென்று இருக்கிறதா என்று கேளுங்கள். மனம் ரிப்போர்ட்டிலிருந்து ஒரு நிமிடம் இறங்கி வரும்.

சொல்லக் கூடாதவை என்று ஒரு பட்டியலே என்னிடம் இருந்தது. ‘தைரியமா இருங்க.’ ‘எங்க சித்தப்பாவுக்கும் இப்படித்தான், இப்ப நல்லா இருக்கார்.’ ‘எல்லாம் விதி.’ ‘பாசிடிவா நினைங்க, தானா சரியாகும்.’ இதில் கடைசி வரிதான் மோசம். நோய் திரும்பி வந்தால், தான் சரியாக நினைக்காததால்தான் வந்தது என்று அவர் தன்னையே குற்றம் சாட்டிக்கொள்வார். அப்படி அழுத ஒரு பெண்ணைப் பார்த்த பிறகு அந்தச் சொல்லையே விட்டுவிட்டேன்.

அவர் பேசாமல் இருந்தால் நீங்களும் பேசாமல் இருங்கள். நமக்குத்தான் மௌனம் கஷ்டம். அழுகிறவருக்கு அது இடம் கொடுக்கும்.

படி 3: எது உடைந்தது என்று கண்டுபிடியுங்கள்

இதற்கு உலகம் முழுவதும் பயன்படும் எளிய கருவி ஒன்று இருக்கிறது: மன உளைச்சல் வெப்பமானி. காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் போல ஒரு படம். 0 என்றால் எந்த உளைச்சலும் இல்லை, 10 என்றால் தாங்கவே முடியவில்லை. போன ஒரு வாரத்தில் எவ்வளவு என்று நோயாளி குறிக்க வேண்டும். 4 அல்லது அதற்கு மேல் என்றால் விரிவாகப் பேச வேண்டும் என்பது பொது விதி. கீழே வீடு, பணம், போக்குவரத்து, தூக்கம், பயம், வலி என்று ஒரு பட்டியல் இருக்கும்.

எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் தெர்மாமீட்டர் படம் அவ்வளவாக எடுபடாது. ‘பத்துப் படி உள்ள ஏணி. பத்தாவது படி தாங்க முடியாத கஷ்டம். நீங்க எந்தப் படியில நிக்கிறீங்க?’ என்று கேட்டால் சட்டென்று சொல்கிறார்கள். அதைவிட முக்கியம் அடுத்த கேள்வி: ‘ஒரே ஒரு படி இறங்கணும்னா என்ன மாறணும்?’

இதற்கு வரும் பதில்களில் நோய் அவ்வளவாக வராது. ‘ராத்திரி வலி குறைஞ்சா போதும்.’ ‘பொண்ணுக்கு ஃபீஸ் கட்டணும்.’ ‘தினமும் கரண்ட் வைக்க வரச் சொல்றாங்க, தங்க இடமில்ல.’ ரேடியேஷனைத்தான் நம் மக்கள் ‘கரண்ட் வைப்பது’ என்கிறார்கள். மின்சாரம் உடம்பில் பாயும் என்று நிஜமாகவே பயப்படுகிறவர்களும் உண்டு. ஷாக் அடிக்காது, எக்ஸ்ரே எடுப்பது போலத்தான், மெஷினுக்குள் இருக்கும்போது எதுவும் தெரியாது என்று ஒருவர் சொன்னால் போதும்; தூங்கிவிடுவார்கள்.

ஆகவே, ஆலோசகரின் பையில் பணம் சம்பந்தப்பட்ட தகவல்களும் இருக்க வேண்டும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பம் சேரலாம். ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை பயன் கிடைக்கும். வருமானச் சான்று இல்லாததால்தான் பலருக்குத் தாமதமாகிறது. சிகிச்சைக்காக ரயிலில் வருபவர்களுக்குக் கட்டணச் சலுகை இருக்கிறது, துணைக்கு வருபவருக்கும் உண்டு. மருத்துவமனையில் கையெழுத்து வாங்கிய படிவம் வேண்டும். மனநல ஆலோசகர் இதையெல்லாம் பேசலாமா என்று கேட்பவர்கள் உண்டு. ஏணியில் ஒரு படி இறக்குவது எதுவோ அதைப் பேசலாம் என்பது என் கட்சி.

படி 4: ‘அப்பாவுக்குத் தெரிய வேண்டாம்’

இந்த வேலையில் நீங்கள் அதிகம் கேட்கப்போகும் வாக்கியம் இதுதான். வார்டு வாசலிலேயே மகன் மடக்கிவிடுவார். ‘மேடம், அப்பாவுக்கு அல்சர்னு சொல்லி வெச்சிருக்கோம். நீங்க ஏதும் சொல்லிடாதீங்க. தெரிஞ்சா அன்னிக்கே போயிடுவார்.’

நோயாளியின் உரிமை என்று அவரிடம் வகுப்பு எடுக்காதீர்கள். அவர் வில்லன் இல்லை. பாசத்தில் பயந்துபோன பிள்ளை. அதற்காகப் பொய்யில் பங்காளியாகவும் வேண்டாம். நான் செல்லும் வரிசை இது.

முதலில் அவருடைய பயத்தைக் கேட்பேன். சொன்னால் என்ன ஆகும் என்று நினைக்கிறீர்கள்? முன்பு வீட்டில் யாருக்காவது அப்படி நடந்ததா? பெரும்பாலும் நடந்திருக்கும். அடுத்து, மறைப்பது அவருக்கு எப்படி இருக்கிறது என்று கேட்பேன். அப்போதுதான் அவர் கண் கலங்கும். ரிப்போர்ட்டை பைக் சீட்டுக்கு அடியில் ஒளித்து வைத்துக்கொண்டு, அப்பா தூங்கிய பிறகு மாடியில் போய் டாக்டருக்கு போன் பேசிக்கொண்டு எத்தனை நாள் ஓடுவார்? மூன்றாவதாக, அப்பா உங்களிடம் ஏதாவது கேட்டாரா என்று கேட்பேன். கடைசியாக ஒரு ஒப்பந்தம்: ‘நானா எதுவும் சொல்ல மாட்டேன். அவருக்கு என்ன தெரியும்னு மட்டும் கேக்குறேன். அவரே கேட்டா, பொய்யும் சொல்ல மாட்டேன். டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போவேன்.’ இதற்கு மறுப்பவர்கள் குறைவு.

அந்த அல்சர் அப்பாவிடம் போனேன். அறுபதைத் தாண்டிய ரிட்டயர்டு வாத்தியார். ‘ஐயா, உடம்புக்கு என்னன்னு சொல்லியிருக்காங்க?’ என்று கேட்டேன். வார்டைச் சுற்றி ஒருமுறை பார்த்தார். ‘அல்சருக்கு யாராவது கரண்ட் வைப்பாங்களாம்மா? வாசல்ல போர்டு இருக்கு, எனக்குப் படிக்கத் தெரியும்’ என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, ‘பையன் தாங்க மாட்டான். எனக்குத் தெரியும்னு அவன்கிட்ட சொல்லிடாதீங்க.’

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் காப்பாற்றிக்கொண்டு தனித்தனியாக அழுதுகொண்டிருந்தார்கள். அன்று சாயங்காலம் மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்தோம். நான் பேசியது இரண்டே வாக்கியம்.

எல்லாரும் இந்த வாத்தியார் மாதிரி இருக்க மாட்டார்கள். ‘எனக்கு எதுவும் சொல்ல வேணாம், பையன்கிட்ட பேசிக்கங்க’ என்று நிஜமாகவே சொல்பவர்கள் உண்டு. அதுவும் அவர் முடிவு, மதியுங்கள். கெட்ட செய்தி சொல்வதற்காக 2000-ல் வெளியான ஸ்பைக்ஸ் என்ற ஆறு படி முறையிலும் இதற்கு இடம் இருக்கிறது: இடத்தைத் தயார்செய்வது, அவருக்கு என்ன தெரியும் என்று கேட்பது, எவ்வளவு தெரிந்துகொள்ள விருப்பம் என்று கேட்பது, பிறகு சொல்வது, உணர்ச்சிக்கு இடம் கொடுப்பது, அடுத்து என்ன என்று தொகுப்பது. சொல்ல வேண்டியவர் டாக்டர். ஆலோசகர் அதே அறையில் இருந்து, டாக்டர் போன பிறகும் எழுந்து போகாமல் இருக்க வேண்டும். நாலாவது ஸ்டேஜ் என்று கேட்ட பிறகு டாக்டர் சொன்னது எதுவுமே காதில் ஏறியிருக்காது. ‘டாக்டர் சொன்னதில் என்ன புரிஞ்சுது?’ என்று கேட்டு, அவர் வாயால் சொல்ல வைத்து, தாளில் எழுதிக் கொடுங்கள்.

படி 5: தற்கொலை பற்றி நேராகக் கேளுங்கள்

1991 முதல் 2006 வரை சுவீடனில் 60 லட்சத்துக்கும் அதிகமானோரின் பதிவுகளை ஆராய்ந்த ஆய்வு ஒன்று 2012-ல் வெளியானது. புற்றுநோய் என்று தெரிந்த முதல் வாரத்தில் தற்கொலை அபாயம், நோய் இல்லாதவர்களைவிட 12.6 மடங்கு என்று அது காட்டியது. முதல் ஆண்டு முழுவதும் சேர்த்துப் பார்த்தால் 3.1 மடங்கு. அதாவது, கீமோ தொடங்கும் முன்பே, வலி வரும் முன்பே, வெறும் செய்தியின் கனத்திலேயே சிலர் போய்விடுகிறார்கள். நம் மருத்துவமனைகளில் அந்த முதல் வாரத்தில்தான் நோயாளி ஸ்கேன், ரத்தம், கவுன்ட்டர் என்று அலைந்துகொண்டிருப்பார். யாரும் உட்கார்ந்து பேசியிருக்க மாட்டார்கள்.

கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்ற பயம் வேண்டாம், அப்படி ஆவதில்லை. சுற்றி வளைக்காமல், ஆனால் மெதுவாக: ‘இவ்வளவு கஷ்டத்துல சில பேருக்கு உயிரை விட்டுடலாம்னு தோணும். உங்களுக்கு அப்படித் தோணியிருக்காங்கய்யா?’

பதிலைக் கவனமாகக் கேட்க வேண்டும். ‘சாமி சீக்கிரம் கூப்பிட்டுக்கணும்’ என்பது நம் ஊரில் வயதானவர்கள் அன்றாடம் சொல்வது. அதிலும் சோர்வு இருக்கலாம், ஆனால் அதுவே திட்டம் ஆகிவிடாது. ‘நான் போயிட்டா எல்லாருக்கும் நிம்மதி’ என்றால் உடனே நிமிர்ந்து உட்காருங்கள். தன்னைப் பாரமாக நினைப்பது அபாயத்தின் முக்கிய அறிகுறி. எப்படி, எப்போது என்று யோசித்திருக்கிறாரா, அதற்கான வழி கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறதா, முன்பு முயன்றிருக்கிறாரா, இதுவரை தடுத்தது எது என்று வரிசையாகக் கேளுங்கள். கடைசிக் கேள்வியின் பதிலில்தான் பிடிமானம் கிடைக்கும்.

நாக்கில் ஆபரேஷன் ஆன ஒரு விவசாயி. பேச முடியாது, சிலேட்டில் எழுதுவார். மூக்கில் டியூப். கண்ணைப் பார்க்கவே மாட்டார். நான் கேட்டதும் நீண்ட நேரம் கழித்து எழுதினார்: ‘ஆமா.’ ஏன் என்று கேட்டேன். எழுதினார், அழித்தார், திரும்ப எழுதினார்: ‘மாடு விக்க வேணாம்.’

அவர் சிகிச்சைச் செலவுக்காக வீட்டில் கறவை மாட்டை விற்கப் பேசிக்கொண்டிருந்தது அவர் காதில் விழுந்திருக்கிறது. பேரனுக்குப் பால் அந்த மாட்டுடையதுதான். விசாரித்தால், வருமானச் சான்று இல்லாததால் காப்பீட்டு அட்டையே போடவில்லை. அன்று அவருக்கு நான் கொடுத்த முதல் சிகிச்சை, சமூகப் பணியாளரை அவர் கட்டிலுக்கே அழைத்து வந்தது. அதோடு விடவில்லை. மனநல மருத்துவரை அன்றே பார்க்க வைத்தோம், இரவு துணைக்கு ஆள் இருக்கும்படி செய்தோம், வீட்டுக்குப் போகும் முன் அவருடைய தம்பியிடம் சொல்லித் தோட்டத்துப் பூச்சிமருந்துகளை வேறு வீட்டுக்கு மாற்றிப் பூட்டச் சொன்னோம். மாத்திரைகளையும் மொத்தமாகக் கொடுக்காமல் மனைவி கையில்.

பிறகு ஒரு தாளில் பாதுகாப்புத் திட்டம் எழுதினோம். இது ஸ்டான்லி, பிரவுன் என்ற இரு உளவியலாளர்கள் வடிவமைத்த முறை. எண்ணம் வரப்போகிறது என்று எதை வைத்துத் தெரியும், தனியாக என்ன செய்து தள்ளிப்போடலாம், யாரோடு போய் உட்காரலாம், யாரிடம் உதவி கேட்கலாம், எந்த எண்ணுக்கு போன் செய்யலாம், வீட்டில் எதை அப்புறப்படுத்த வேண்டும் என ஆறு பகுதி. அவர் சொற்களிலேயே எழுத வேண்டும். ‘தனியாக என்ன செய்யலாம்’ என்ற இடத்தில் அவர் எழுதியது: ‘மாட்டுக்குத் தண்ணி காட்டுவேன்.’

எண்கள் தெரிந்திருக்கட்டும். 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய டெலி மானஸ் என்ற அரசின் தொலைபேசி மனநல உதவிச் சேவையின் எண் 14416. 24 மணி நேரமும், தமிழிலும் கிடைக்கும். சென்னையில் சினேகா அமைப்பு 1986 முதல் தற்கொலைத் தடுப்புப் பணி செய்கிறது. ‘போலீஸ் கேஸ் ஆயிடுமோ’ என்று குடும்பம் பயந்தால், 2017-ன் மனநலப் பராமரிப்புச் சட்டம் தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதச் சொல்கிறது, தண்டிக்கச் சொல்லவில்லை என்று விளக்குங்கள்.

ஒன்றைக் கறாராக வைத்துக்கொள்ளுங்கள்: ‘யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்’ என்று வாக்குக் கொடுக்காதீர்கள். உயிருக்கு ஆபத்து என்றால் சிகிச்சைக் குழுவிடம் சொல்வீர்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

படி 6: ‘இனி கீமோவுக்கு வர மாட்டேன்’

இதையும் நெருக்கடியாகத்தான் பார்க்க வேண்டும். திட்டினால் அடுத்த முறை வரவே மாட்டார். ஏன் என்று கேளுங்கள். வாந்தி என்றால், மருந்தை மாற்றிப் பார்க்க டாக்டரால் முடியும். முடி என்றால் அதைச் சின்ன விஷயம் என்று தள்ளாதீர்கள். வாரிய சீப்பில் கொத்தாக வரும் நாளைப் பலர் ரிப்போர்ட் வந்த நாளைவிட மோசமாக நினைவு வைத்திருக்கிறார்கள். முன்கூட்டியே வேண்டுதல் வைத்து மொட்டை போட்டுக்கொண்டு வந்த ஒரு அக்கா என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார்: ‘நோய் எடுக்குறதுக்கு முன்னாடி நானே சாமிக்குக் குடுத்துட்டேன்.’

நாட்டு மருந்து சாப்பிடுகிறார்கள் என்றால் முகம் சுளிக்காதீர்கள். சுளித்தால் மறைப்பார்கள். என்ன சாப்பிடுகிறார் என்பதை டாக்டரிடம் சொல்ல வைப்பதுதான் உங்கள் வெற்றி. ஈரலைப் பாதிக்கக்கூடியவையும் அதில் இருக்கலாம். அதேபோல் வெளியே எங்காவது மனச்சோர்வு மாத்திரை எழுதி வாங்கினால் அதையும் சொல்ல வேண்டும். தமாக்ஸிஃபென் எடுக்கும் மார்பகப் புற்றுநோயாளிக்குப் பராக்ஸிடின், ஃப்ளூஆக்ஸிடின் போன்றவை பொதுவாகப் பொருந்தாது. தமாக்ஸிஃபென் உடலில் வேலை செய்யும் வழியை அவை தடுக்கும். ஆனால் தானாக நிறுத்தவும் கூடாது, டாக்டர்தான் மாற்ற வேண்டும்.

படி 7: துணைக்கு இருப்பவர்

கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்திருக்கும் அந்த மனைவியை, மகளை யாரும் பார்ப்பதில்லை. நோயாளி தூங்கும்போது அவரை வெளியே அழைத்து, ‘நீங்க கடைசியா எப்ப தூங்கினீங்க?’ என்று மட்டும் கேளுங்கள். மீதியை அவர்களே சொல்வார்கள். முடிந்தால் ஒரு ராத்திரிக்கு வேறு உறவினரை மாற்றிவிடுங்கள்.

படி 8: ‘வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க’

இந்த வார்த்தையின் அர்த்தம் நம் ஊரில் எல்லாருக்கும் தெரியும். அதனால்தான் அதைச் சொல்லிவிட்டு டாக்டர் அடுத்த படுக்கைக்குப் போகும் அந்த ஒரு நிமிடத்தில் ஆலோசகர் அங்கே இருக்க வேண்டும். குடும்பம் கேட்கும் கேள்வி, ‘அவ்வளவுதானா?’ ‘செய்ய ஒன்றுமில்லை’ என்று மட்டும் சொல்லாதீர்கள். அது உண்மையும் இல்லை. வலி, மூச்சுத்திணறல், வாந்தி, புண் எல்லாவற்றுக்கும் செய்ய நிறைய இருக்கிறது. வலி உடம்பில் மட்டும் இல்லை, மனதிலும் உறவிலும் நம்பிக்கையிலும் சேர்ந்தே இருக்கிறது என்று சொல்லி 1967-ல் லண்டனில் நவீன ஹாஸ்பிஸை, அதாவது கடைசிக் காலத்தில் இருப்பவர்களைப் பராமரிக்கும் இல்லத்தை, தொடங்கியவர் சிசிலி சாண்டர்ஸ்.

மார்ஃபின் என்றதும் குடும்பம் மிரளும்: போதை, கடைசி மருந்து என்று. வலிக்கு ஏற்ற அளவில் டாக்டர் மேற்பார்வையில் கொடுத்தால், அது மனிதரை எழுந்து உட்கார்ந்து பேரனோடு பேச வைக்கும் மருந்து. 2014-ல் போதைப்பொருள் சட்டத்தைத் திருத்தியதே, வலியில் துடிப்பவர்களுக்கு இது எளிதாகக் கிடைக்கத்தான். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து நோய்தணிப்புப் பராமரிப்பு தருவதும் உண்டு. ஊர் எது, அங்கே யார் வருவார்கள் என்பதை விசாரித்து, எண்ணோடு எழுதிக் கொடுத்துவிட்டு அனுப்புங்கள்.

நோயாளியிடம் ஒரு கேள்வி: ‘யாரைப் பார்க்கணும்னு இருக்கு?’ பல வருடமாகப் பேசாத தம்பியின் பெயர் வரும். அந்த போனை நீங்களே போட வேண்டி வரலாம்.

படி 9: ஒப்படைப்பதும் பின்தொடர்வதும்

பேசி முடித்ததும் குறிப்பு எழுதுங்கள். ‘ஆலோசனை வழங்கப்பட்டது’ என்ற வரியால் யாருக்கும் பயனில்லை. ஏணியில் எந்தப் படி, தற்கொலை பற்றிக் கேட்டீர்களா, என்ன பதில், என்ன செய்ய ஒப்புக்கொண்டீர்கள், அடுத்து யார் எப்போது பார்க்கிறார்கள் என்று ஐந்து வரி போதும். இரவு ஷிஃப்ட் சிஸ்டரிடம் வாயாலும் சொல்லுங்கள். அபாயம் இருந்தவருக்கு மறுநாளே போன், பிறகு ஒரு வாரத்தில், பிறகு ஆறாவது வாரத்தில். அதற்கு மேலும் தூக்கமும் பசியும் திரும்பவில்லை என்றால் உங்கள் எல்லை முடிந்தது. மனநல மருத்துவரிடம் கைமாற்றுங்கள்.

உங்களுக்கும் ஒருவர் வேண்டும். ஒரே நாளில் மூன்று கெட்ட செய்திகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு நேராக வீட்டுக்குப் போய்க் குழந்தைக்கு வீட்டுப்பாடம் சொல்லிக் கொடுக்க முடியாது. மூத்த ஆலோசகரோடு வாரம் ஒருமுறை பேசுங்கள். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் அதற்கு நேரமே ஒதுக்கவில்லை. ஒன்பது மாதத்தில் எனக்கு போன் மணி அடித்தாலே கை நடுங்கியது. இப்போது பஸ் ஸ்டாண்டில் ஒரு டீ குடித்துவிட்டுத்தான் பஸ் ஏறுகிறேன். அந்தப் பத்து நிமிடம் யார் போனையும் எடுப்பதில்லை.

நோயாளி இறந்துவிட்டால், காரியம் முடிந்து இரண்டு வாரம் கழித்து வீட்டுக்கு ஒரு போன் செய்யுங்கள். என்ன பேசுவது என்று தயாரிக்க வேண்டாம். ‘ஆஸ்பத்திரியிலிருந்து பேசுறேன், எப்படி இருக்கீங்கன்னு கேக்கத்தான்’ என்றால் போதும். கொஞ்ச நேரம் எதிர்முனையில் சத்தமே இருக்காது. பிறகு அந்த அம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்பார்: ‘நீங்க சாப்ட்டீங்களாம்மா?’